துரைக்கு வாங்கின எலும்பு

குத்துக்கல்வலசையில் ஒரு நாய்க்குப் பல் வலி வந்தது. அதைக் கேள்விப்பட்டு இந்த உலகத்தில் குலை நடுங்கிப்போன ஒரே ஆத்மா பிச்சைமணி.

நாயின் பேர் துரை. தகப்பன் வழியில் பொமரேனியன், தாய் வழியில் குற்றாலம் ரோட்டு டீக்கடை. வயசு ஒன்பது. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் அதற்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம், பெரிய நெல்லிக்காய் அளவுக்கு. வைத்த இட்லியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது வாயைத் திறந்தபோது பக்கத்தில் நின்ற பிச்சைமணி ரெண்டடி பின்னால் போனார்.

அவர் மனைவி கல்யாணசுந்தரி பின்னால் போகவில்லை. குனிந்து துரையின் மேலுதட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள்.

"பல்லுதான். உள்ள சீழ் பிடிச்சிருக்கு. டாக்டர்ட்ட கொண்டு போங்க. புடுங்கணும்னா புடுங்கட்டும்."

சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். புடுங்கட்டுமாம். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் மகராசி. போகப்போவது நாயின் பல் மட்டும் என்று அவள் நினைப்பு. அந்தப் பல்லோடு சேர்ந்து தன்னுடைய ஞாயிற்றுக்கிழமையும் போகப்போகிறது என்பது பிச்சைமணிக்கல்லவா தெரியும்.

விஷயம் இதுதான். பிச்சைமணிக்குத் தென்காசி கூலக்கடை பஜாரில் மோட்டார் பம்ப் கடை. தகப்பனார் காலம்வரை நெல் விளைத்த குடும்பம். இவர் காலத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற சாமான் விற்கிற குடும்பமாகிவிட்டது. வயலில் இறங்கி வேலை செய்த உடம்புக்கு என்னென்ன சாப்பாடு உண்டோ அத்தனையையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடர்ந்து சாப்பிட்டு வந்தார். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒருநாள் நெஞ்சைப் பிடித்தது. டாக்டர் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, கொழுப்பு ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது என்றார். அவர் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிற நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன் வந்தது. இவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கல்யாணசுந்தரி சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"கறியே கூடாதுன்னுட்டாரு."

அன்றோடு வீட்டு அடுப்பில் கறிச்சட்டி ஏறுவது நின்றது. பிச்சைமணி கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், ஒருவேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். கல்யாணசுந்தரி அசையவில்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் ஒருத்தன் பார்த்து எழுதினால் ஓடிப்போய்ப் பிடிக்க மாட்டாள். கடைசி வரி வரைக்கும் எழுத விட்டுவிட்டு, மணி அடிக்கிற நேரத்தில் பேப்பரை நிதானமாக வாங்குவாள். அப்படிப்பட்ட பெண்ணரசியிடம் கோபம் எடுபடுமா?

கோபம் எடுபடாத இடத்தில் பிச்சைமணிக்கு மூளை வேலை செய்தது. கடைப் போனிலிருந்து தன் போனுக்குத் தானே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிக்கொண்டார். நாய்களுக்கு வாரம் ஒருமுறை ஆட்டெலும்பு கொடுக்காவிட்டால் இடுப்பு விழுந்துவிடும், உடனே பத்துப் பேருக்குப் பகிரவும் என்று செய்தி. அதைச் சாயங்காலம் மனைவியிடம் வாசித்துக் காட்டும்போது அவர் குரல் தழுதழுத்தது. வாயில்லாத ஜீவன், சுந்தரி. நமக்காக வாசலில் கிடக்கிற ஜீவன்.

கல்யாணசுந்தரி கொஞ்ச நேரம் துரையைப் பார்த்தாள். அப்புறம் இவரைப் பார்த்தாள். சரி, வாங்கிக் குடுங்க என்றாள். ஆனால் வீட்டுக்குள் வேண்டாம், கொல்லையில் பழைய அடுப்பு இருக்கிறது, அங்கே வேக வைத்துக்கொள்ள வேண்டும். அரைக் கிலோவுக்கு மேல் கூடாது. பிச்சைமணிக்குக் காது ரெண்டும் குளிர்ந்துபோனது.

அதோடு நின்றதா? அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பண்பொழி திருமலைக்குமரனைக் கும்பிட வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவளே சொன்னாள். பத்து மணிக்குக் கிளம்பினால் ஒன்றரைக்குத்தான் திரும்புவாள். முருகனே மலையிலிருந்து இறங்கி வந்து தன் பக்கம் நிற்பதாகப் பிச்சைமணிக்குப் பட்டது.

ஆக, ஞாயிறு காலையில் பாண்டிராஜின் கறிக்கடைக்குப் போய், நாய்க்குத்தான் என்று மூணு தடவை சத்தமாகச் சொல்லி, நெஞ்செலும்பும் சாப்ஸும் வாங்குவார். பாண்டிராஜ் ஒரு வாரம்கூட அரைக் கிலோவுக்கு மேல் போட்டதில்லை. அவ்வளவுதான் இருக்கு அண்ணாச்சி என்பான், ஆடு முழுசாக அவன் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே. போகட்டும். கொல்லையில் இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, மிளகு தூக்கலாக வைத்து ஒரு வறுவல். ஒருநாள் கோயிலிலிருந்து வந்த கல்யாணசுந்தரி மூக்கை உறிஞ்சி, ஏலக்காய் வாசம் அடிக்கிறதே என்று கேட்டாள். மசாலா இல்லாவிட்டால் துரை வாய் வைக்க மாட்டேன் என்கிறது என்றார். நல்ல வளர்ப்புதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையில் துரை முதல் வாரம் ஒரே ஒரு எலும்பை வாயில் வைத்தது. மிளகுக் காரத்தில் தும்மித் தும்மிக் கொல்லையை ஏழு சுற்றுச் சுற்றியது. அதற்கப்புறம் எலும்பு என்றாலே எழுந்து அடுத்த பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் இவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று குரைத்து ஊரைக் கூட்டிவிடக் கூடாதே. அதற்காக வாரம் ஒரு துண்டு அல்வா. பெண்டாட்டிக்கும் அல்வா, நாய்க்கும் அல்வா என்று பிச்சைமணி தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார். சாப்பிட்டு முடித்ததும் இலையில் மிச்சம் கிடப்பதைத் துரையின் தட்டில் கொட்டி, சாட்சியாக வைத்துவிடுவார். ரெண்டு வருஷம் இந்த ராஜ்யம் நடந்தது. இப்போது பல்லில் வந்து நிற்கிறது.

பல்லில்லாத நாய்க்கு எலும்பு எதற்கு? இந்தக் கேள்வியைக் கல்யாணசுந்தரி கேட்கிற நாள் வந்தால் தான் பிழைக்க முடியாது என்று பிச்சைமணிக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே பல்லைக் காப்பாற்றக் களத்தில் இறங்கினார். சீசன் சமயம், சாரல் காற்று, முகத்தில் குளிர் அடித்தால் வீங்கத்தான் செய்யும், தானே வற்றிவிடும் என்றார். வற்றவில்லை. சனிக்கிழமை கிராம்புத் தைலம் வாங்கி வந்து பஞ்சில் நனைத்துத் துரையின் வாய்க்குள் விரலை விட்டார். ஒன்பது வருஷம் சோறு போட்ட கை என்று துரை தாட்சண்யம் பார்த்தது. தோல் மட்டும்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனுஷன் அன்றைக்காவது சும்மா இருந்தாரா? வழக்கம்போல எலும்போடு வந்து நின்றார். பல் வலிக்கிற நாய்க்கு எலும்பா என்று கல்யாணசுந்தரி கேட்டாள். வாசம் பிடித்தாவது தேறட்டும் என்றார். அவள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கென்று கிளம்பினாள்.

கொல்லையில் இலையைப் போட்டு உட்கார்ந்து, எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது துரை மெதுவாக நடந்து வந்தது. அல்வாவைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. வீங்கின கன்னத்தை அவர் பாதத்தின் மேல் வைத்துப் படுத்துக்கொண்டு, முனகியது. இந்தப் பிள்ளைக்கு வாராவாரம் அல்வாவைத் திணித்துத் திணித்துப் பல்லைக் கெடுத்த பாவி நான்தானே என்று பிச்சைமணி கண் கலங்கினார். மறுநாளே டாக்டரிடம் கொண்டு போவதென்று அங்கேயே முடிவு செய்தார். மஜ்ஜையை மட்டும் கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே துரையை நிற்க வைத்துக்கொண்டு கிளம்பினார். குற்றாலம் ரோட்டில் நாய் பூனைக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வெளியே உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, துண்டோடு அருவிக்குப் போகிற கூட்டம். உள்ளே டாக்டர் ஷமீம் பானு. முப்பது வயசுகூட இருக்காது. துரையை மேஜையில் ஏற்றி, வாயைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். எக்ஸ்ரே படம் எடுத்தாள். ரத்தமும் எடுத்துக்கொண்டாள்.

மேல் கடைவாய்ப் பல் சொத்தையாகி வேர்வரைக்கும் சீழ் இறங்கியிருக்கிறது என்றாள். மூணு வேர் உள்ள பல் அது. மயக்க மருந்து கொடுத்து, ஈறைக் கிழித்து, பல்லை மூணாகப் பிளந்து ஒவ்வொரு வேராக எடுத்துத் தையல் போட வேண்டும். பக்கத்தில் இன்னும் நாலு பல் ஆடுகிறது, அதையும் எடுத்துவிடலாம். வியாழக்கிழமை ஆபரேஷன். அதுவரைக்கும் மாத்திரை. புதன் ராத்திரிக்கு மேல் சாப்பாடு கூடாது. இத்தனையும் சொன்னவள், மறுபடி வாய்க்குள் எட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"சார், இது வாழ்க்கையில ஒரு எலும்பு கடிச்சிருக்காது. பல்லுல தேய்மானமே இல்ல. சுத்திக் காரை பிடிச்சுக் கிடக்கு. கொழகொழன்னு சாப்பிட்டே வளர்ந்த வாய் இது."

பிச்சைமணி கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ரெண்டு வருஷப் பித்தலாட்டமும் ஒரு நாய் வாயில் எழுதி வைத்தமாதிரி இருக்கிறதே. டாக்டர் அம்மா, வியாழக்கிழமை என் வீட்டுக்காரி வருவாள், இந்தச் சாப்பாட்டு ஆராய்ச்சியை மட்டும் அவள் முன்னால் பேசாதீர்கள் என்று குழைந்தார். வீட்டுக்காரி யார் என்று கேட்டாள். பேரைச் சொன்னார்.

ஷமீம் பானு டார்ச்சை அணைத்தாள். எழுந்து நிற்காத குறை. ப்ளஸ் டூவில் கல்யாணசுந்தரி டீச்சரிடம்தான் கணக்குப் படித்தாளாம்.

"நானா ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். ஆனா ஆபரேஷனுக்கு முன்னால ஃபாரத்துல சாப்பாடு என்னன்னு கேட்டு எழுதணும். டீச்சர் என்ன சொல்லுதாங்களோ அதை எழுதிக்கிடுவேன். அவங்க என்னைக் கேட்டா மறைக்க மாட்டேன். அவங்கட்ட மறைச்சு எங்க செட்டுல யாரும் தப்பிச்சதில்ல."

அது போதும் என்று பிச்சைமணி நினைத்தார். கல்யாணசுந்தரி என்ன சொல்லப்போகிறாள்? வாரம் ஒருநாள் எலும்பு என்பாள். இந்தப் பிள்ளை எழுதிக்கொள்ளும். பல் வெளியே வரும், உண்மை வெளியே வராது. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாய்க்கு எலும்பு சூப் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குப் பல் எதற்கு? வீட்டுக்கு வருகிற வழியில் ஸ்கூட்டரில் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

வியாழக்கிழமை கல்யாணசுந்தரி லீவு போட்டுவிட்டாள். துரை முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. வலி வேறு. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் மடியில் தலையை வைத்து விட்டு விட்டு ஊளை இட்டது. பக்கத்தில் வெள்ளைப் பூனையோடு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கூப்பிட்டாள். மேஜைக்குப் பக்கத்தில் மயக்க ஊசி தயாராக இருந்தது. ஷமீம் பானு ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன சாப்பாடு டீச்சர் என்று பவ்யமாகக் கேட்டாள்.

"தயிர்ச்சோறு, இட்லி. ஞாயிற்றுக்கிழமை தவறாம ஆட்டெலும்பு வறுவல்."

"வறுவலா?"

"ஆமா. இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் போட்டு. இவரே பக்குவமாச் செஞ்சு குடுப்பாரு. ரெண்டு வருஷமா ஒரு வாரம் தப்புனதில்ல. போன ஞாயிறுகூடக் குடுத்தாரு. என்னங்க, குடுத்தியல்ல?"

பிச்சைமணி தலையாட்டினார். ஷமீம் பானு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முகம் மாறிப்போய்விட்டது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம் என்றாள். ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைத்துவிடும். திங்கட்கிழமை எடுத்த ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை தின்றதன் கெடுதல் நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும். ரத்தம் உடைகிற சமயத்தில் மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காமலே போனாலும் போகும். ஆகவே இன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. பத்து நாள் கழித்து ரத்தத்தை மறுபடி பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

"பத்து நாளா? அதுவரைக்கும் வலி?" என்று கல்யாணசுந்தரி கேட்டாள்.

"மாத்திரையை வச்சு ஓட்டணும் டீச்சர். கஷ்டம்தான். வேற வழியில்ல."

கல்யாணசுந்தரி துரையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். வாங்க போவம் என்று மட்டும் சொன்னாள். துரை அவள் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, பிச்சைமணியை, அவரை மட்டும் பார்த்து, ஈனமாக ஒரு குரல் எழுப்பியது. ஒரு கண் வீக்கத்தில் மூடிப்போய்விட்டது. திறந்திருந்த கண்ணால்தான் பார்த்தது.

அவள் கதவுவரை போய்விட்டாள். பிச்சைமணி மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒரு பக்கம் ரெண்டு வருஷ மானம், இனி வரப்போகிற அத்தனை ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு பக்கம் பத்து நாள் அந்த முனகல். இந்தச் சனியனுக்கு நான் என்ன கடமைப்பட்டிருக்கிறேன் என்று தன்னைத் தானே கேட்டுப் பார்த்தார். பதில் வருவதற்குள் வாய் திறந்துவிட்டது.

"டாக்டர். அது எலும்பு தின்னல."

"என்ன சார்?"

"வெங்காயமும் தின்னல, பூண்டும் தின்னல. நான் குடுத்த அல்வாவைத்தான் தின்னுச்சு. அது ஒரு பாவமும் அறியாது."

"அப்பம் ரெண்டு வருஷமா வாங்குன எலும்பை யாரு தின்னது?" என்றாள் கதவருகிலிருந்து கல்யாணசுந்தரி.

"நான்."

கதவுக்கு வெளியே பெஞ்சில் வெள்ளைப் பூனை வைத்திருந்தவர் பூனையின் காதைப் பொத்தினார். ஷமீம் பானு மேஜை மேல் இருந்த ஃபாரத்தைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிற பாவனை அவளுக்கு நன்றாக வந்தது. கல்யாணசுந்தரி டீச்சரின் வகுப்பில் பழகியிருப்பாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, திங்கட்கிழமை பல்லைப் பார்த்தபோதே தனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனாலும் இது உயிர் விஷயம், எழுத்தில் இருந்தால் நல்லது என்றாள். பேனாவைப் பிச்சைமணியிடம் நீட்டினாள். அவர் ஃபாரத்தின் அடியில், மேற்படி எலும்பை நாய் சாப்பிடவில்லை, நான்தான் சாப்பிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தேதி போடுங்க" என்றாள் கல்யாணசுந்தரி.

துரையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரெண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அவள் கத்துவாள் என்று பிச்சைமணி எதிர்பார்த்தார். அவள் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துப் பாதியை அவரிடம் கொடுத்தாள். அதுதான் அவருக்கு அதிக பயமாக இருந்தது.

"சுந்தரி, உனக்கு எப்பம் தெரியும்?"

"முதல் வாரமே."

"எப்படிட்டி?"

"துரை தட்டைக் கழுவுனது யாரு? நான்தானே. கறிவேப்பிலையை எல்லாம் ஒரு ஓரமா ஒதுக்கி வச்சிருந்தது. பட்டை கிராம்பு ஒரு ஓரம். நடுவுல பிழிஞ்ச எலுமிச்சம்பழம். நம்ம துரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடுததை நான் பாத்ததே இல்லையே."

பிச்சைமணி தன் பாதி வாழைப்பழத்தைத் தின்று முடித்தார். பிறகு அவருக்கு ஒரு நியாயமான கேள்வி தோன்றியது. கறியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்த புருஷன் வாராவாரம் திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று தெரிந்தும் ரெண்டு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறாளே. நான் செத்தாலும் பரவாயில்லை என்றுதானே இருந்திருக்கிறாய் என்று குரலில் கொஞ்சம் கண்ணீர் சேர்த்துக் கேட்டார். தப்புச் செய்தவன் கட்சி மாறுகிற இடம் அதுதான்.

கல்யாணசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் கறியே கூடாதென்று சொல்லவில்லை என்றாள். வாரத்துக்கு ஒருநாள், கொழுப்பு நீக்கி, எலும்போடு அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் சாப்பிடலாம் என்றுதான் சொன்னார்.

"பின்ன ஏன் என்ட்ட அப்படிச் சொன்ன?"

"வாரம் ஒருநாள்னு சொல்லியிருந்தா நீங்க நாலு நாள் கேட்டிருப்பிய. அழுது அடம் பிடிச்சு மூணு நாளாவது வாங்கியிருப்பிய. கூடவே கூடாதுன்னு சொன்னேன். திருடித் தின்னிய. திருடுததுன்னா வாரம் ஒரு நாளைக்கு மேல உங்களுக்குத் தைரியம் வராதுன்னு எனக்குத் தெரியும்."

கறிக்கடை பாண்டிராஜிடம் அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டாளாம். அரைக் கிலோவுக்கு மேல் போடக் கூடாது, கொழுப்பை வெட்டி எறிந்துவிட வேண்டும். பண்பொழிக் கோயிலுக்கு முதல் மூணு வாரம் நிஜமாகவே போனாள். அதற்கு மேல் மலையேற முட்டி ஒத்துழைக்கவில்லை. ரெண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் தென்காசியில் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து, இவர் சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கிற நேரம்வரைக்கும் டிவி பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நெற்றியில் பூசிக்கொண்டு வந்த திருநீறு தங்கச்சி வீட்டுச் சாமி அறையில் எடுத்தது. இன்றைக்கு இவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தானே டாக்டரிடம் சொல்லியிருப்பாளாம். அல்வா விஷயம் ஒன்றுதான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது, அதற்காகத் துரையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன் என்றாள். அப்போதுதான் அவள் குரல் லேசாக உடைந்தது.

பிச்சைமணிக்கு உலகமே காலடியில் நழுவியது. ரெண்டு வருஷமாக அவர் தன்னை ஒரு பெரிய கள்ளன் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கடையில் உட்கார்ந்திருக்கும்போது அதை நினைத்து மீசையைத் தடவிக்கொள்வார். இப்போது பார்த்தால் அவர் கள்ளனே இல்லை. டாக்டர் சொன்னதை ஒரு வாரம் விடாமல், அளவு பிசகாமல் கடைப்பிடித்த பத்தியக்காரன். தென்காசி ஜில்லாவிலேயே அவரை மாதிரி ஒழுங்கான நோயாளி இருந்திருக்க மாட்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அஞ்சு பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தாள் ஷமீம் பானு. பதினைந்து நாள் குழைந்த சோறு, காரம் கூடாது, இனி ஆயுசுக்கும் அல்வா கூடாது. மயக்கம் தெளியாமல் கால் பின்னப் பின்ன நடந்து வந்த துரை நேராகப் பிச்சைமணியிடம் வந்து அவர் கால் மேல் விழுந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணசுந்தரி எங்கும் போகவில்லை. வீட்டு அடுப்பிலேயே கறியை வைத்து, கூடத்தில் இலை போட்டு, எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். இனி ஒளிவு மறைவு வேண்டாம், வாரம் ஒருநாள் உட்கார்ந்து மரியாதையாகச் சாப்பிடுங்கள் என்றாள். அவள் கைப்பக்குவத்துக்கு ஊரே அடிமை. பிச்சைமணி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். இன்னொரு துண்டு. உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றார். எல்லாம் இருந்தது. ருசி மட்டும் இல்லை. கஷாயம் குடிக்கிறவர்போலக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. நாலு துண்டில் ரெண்டை மிச்சம் வைத்தார். கடையில் ஆள் சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தார். துரை தேறிவிட்டது, இவர் இளைத்துவிட்டார்.

மூணாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாணசுந்தரி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன். வர ஒண்ணரை ஆகும். கொல்லை அடுப்புல துரைக்குன்னு கொஞ்சம் வச்சிருக்கேன். நீங்க அந்தப் பக்கம் போயிராதிய."

நான் எதற்குப் போகிறேன் என்றார் பிச்சைமணி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. பேப்பரை வீசினார். துரை வெயிலில் படுத்திருந்தது, இவரைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. சட்டியைத் திறந்தார். வாசம் ஆளைத் தூக்கியது. வாசல் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, நின்றபடியே, கை சுடச் சுட எடுத்துத் தின்றார். ஆகா, இதுவல்லவா கறி. போன உயிர் திரும்பி வந்தது. மூணு வாரமாக எங்கே போயிருந்ததோ அந்த ருசி, அத்தனையும் நாக்கில் வந்து இறங்கியது. என்னை ஜெயிக்க ஒருத்தி பிறக்க வேண்டுமே என்று வெகு நாளைக்கு அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டார்.

மிளகு கொஞ்சம் தூக்கல். விக்கியது. தண்ணீருக்குக் கையை நீட்டினார். அடுப்புத் திட்டிலேயே செம்பு நிறையத் தண்ணீர் மூடி வைத்திருந்தது. மூடியின் மேல், மதியம் சாப்பிட்ட பிறகு அவர் போட வேண்டிய கொழுப்பு மாத்திரை ஒன்று உட்கார்ந்திருந்தது.